சுவர் பக்கம் திரும்பிய நாற்காலி

ஏழாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு மணி நேரம். என் பெயருக்கு எதிரே பென்சிலால் இந்த எண்ணை எழுதினேன். பிறகு எண்ணையும் பெயரையும் அழித்தேன்.

கணக்கு எளிதுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மூன்று வருடம் எங்கள் நூல் மில்லில், நூல் நூற்கும் மிஷினான ரிங் பிரேமில் நின்றேன். வருடத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். அந்தச் சம்பளத்தில் சேர்த்து வைத்துக் கல்லூரிக்குப் போனேன். இயற்பியல் முடித்துவிட்டு, அதே மில்லுக்கு சேப்டி அசிஸ்டென்ட் ஆகத் திரும்பி வந்தேன். இப்போது எனக்கு ஒரு மேசை உண்டு. மேசை இழுப்பறையில் சத்தத்தை அளக்கும் கருவி உண்டு.

காது பரிசோதனைக்கான அந்தப் பட்டியலின் தலைப்பில் 'ரிங் பிரேமில் வேலை செய்கிறவர்கள், செய்தவர்கள்' என்று இருந்தது. அதை அனுப்பியது எங்களிடம் நூல் வாங்கும் வெளிநாட்டுத் துணிக் கம்பெனி. அவர்களிடம் ஒரு பாதுகாப்பு விதித் தொகுப்பு இருக்கிறது, முப்பத்தெட்டுப் பக்கம். அதை மில் தன் சொந்த விதியாக ஏற்க வேண்டும். ஏற்றால்தான் அடுத்த மூன்று வருடத்துக்கு ஆர்டர்.

"ஆபீஸ் ஸ்டாஃப எழுத வேணாம்மா. ரிங் பிரேம் மட்டும் போதும்" என்றார் கிறிஸ்டோபர் சார்.

அவர் எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர். தேனி கடைவீதியில் அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை. எதைப் பேசினாலும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார், குடத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அந்தத் தட்டல் மேசை வழியாக என் மணிக்கட்டுக்கு வந்து சேரும். நான் எப்போதும் அவர் முகம் தெரிகிற நாற்காலியில்தான் உட்காருவேன்.

"நம்ம சட்டம் என்ன சொல்லுது கயலு?"

"தொண்ணூறு டெசிபல் சார். எட்டு மணி நேரத்துக்கு."

"நம்ம ரிங் பிரேம்ல எவ்வளவு?"

"எண்பத்தொம்பது."

"அப்ப நாம சட்டத்துக்குள்ள இருக்கோம்."

"இவுக எண்பத்தஞ்சு கேக்குறாக சார்."

"அது அவுக ஊரு. குளுருற ஊரு. காதெல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று அவரே சிரித்துக்கொண்டார். "நம்ம பிள்ளைக மாரியம்மன் கோயில் கொட்டுக்குப் பக்கத்துல தூங்குறதுக."

"தொண்ணூறும் அவுக ஊருதான் சார்" என்றேன்.

"என்னம்மா? கொஞ்சம் சத்தமாத்தான் பேசேன்."

"ஒண்ணுமில்ல சார்."

நான் மெதுவாகப் பேசுகிறவள். மில்லில் என்னைக் கூச்சக்காரி என்பார்கள். அது பாதி உண்மை.

தொண்ணூறைப் பற்றி நான் சொன்னது முழு உண்மை. நம் தொழிற்சாலை விதியில் சத்தத்துக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குத் தொண்ணூறு, நான்கு மணி நேரத்துக்குத் தொண்ணூற்றைந்து, இரண்டு மணி நேரத்துக்கு நூறு. கல்லூரியில் படிக்கும்போது, கடலுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டின் பழைய அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி அதே எண்கள். நமக்கும் அது வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. அதற்கப்புறம் காதைப் படிக்கிற மருத்துவர்கள் தொண்ணூறு போதாது, எண்பத்தைந்து என்றார்கள். மூன்று டெசிபல் ஏறினால் நேரத்தைப் பாதியாக்கு என்றார்கள். அந்தப் பரிந்துரை பல இடங்களில் பரிந்துரையாகவே நின்றுவிட்டது. துணிக் கம்பெனி அதை எடுத்துத் தன் விதியில் போட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி எண்பத்தொன்பது டெசிபலில் ஒருவர் நிற்கக்கூடியது மூன்று மணி நேரம் பத்து நிமிடம். எங்கள் ஷிப்டு எட்டு மணி நேரம்.

அந்தத் தொகுப்பின் ஏழாம் பிரிவில் மூன்று வரிகள் இருந்தன. ஒன்று: சத்தம் எண்பத்தைந்தைத் தாண்டினால் குறைக்க வேண்டும், அதுவரை ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும். இரண்டு: எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை. மூன்று: கேட்கும் திறன் குறைந்தவரைச் சம்பளமும் பணித் தரமும் குறையாமல் சத்தமில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும்.

கிறிஸ்டோபர் சார் சிவப்புப் பேனாவால் மூன்றாவது வரியில் கோடு போட்டார்.

"தமிழ் நோட்டீஸ்ல இது வேணாம். காது கேக்கலன்னு நாளைக்கே நூறு பேரு பேக்கிங்ல வந்து உக்காந்துக்குவாக. ரிங் பிரேம யாரு ஓட்டுறது? நானும் நீயுமா?"

அந்த வரியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தேன். நோட்டீஸ் போர்டில் என் கையாலேயே ஒட்டினேன்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு விலக்கும் இருந்தது. தொடர்ந்து மூன்று வருடப் பரிசோதனையில் யாருக்கும் காது குறையவில்லை என்றால், மில் தன் நாட்டு அளவையே வைத்துக்கொள்ளலாம். விதியை ஏற்கும் முன்பே, இரண்டு வருடமாக மில்லில் பரிசோதனை நடக்கிறது. முதல் வருடம் யாருக்கும் குறையவில்லை. இரண்டாம் வருடம் ஒரே ஒருவர், எப்சிபா. அவளை 'பணிக்குத் தகுதியில்லை' என்று எழுதி அனுப்பினார்கள். அவள் ஆள்கணக்கில் இல்லாமல் போனதும் அந்த வருடமும் பூஜ்யம் ஆனது. இப்போது எப்சிபா தேனி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறாள். இது மூன்றாவது வருடம்.

*

பரிசோதனைக்கு மதுரையிலிருந்து ஜோஷ்வா வந்தான். சூட்கேஸ் அளவுக்கு ஒரு கருவி, ஒரு ஹெட்போன். முதலுதவி அறையில் மேசை போட்டோம். கருவிக்குப் பின்னால் அவன் உட்காருவான், எதிரே பெண்கள். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டேன்.

ரிங் பிரேமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வாயும் கையும்தான் பேச்சு. கண்ணாடி போடுவதுபோல் விரலை வளைத்தால் கிறிஸ்டோபர் சார் வருகிறார். மீசையை முறுக்கினால் மேஸ்திரி. கட்டை விரல் உதட்டுக்குப் போனால் டீ. மற்றதெல்லாம் உதட்டசைவு; தள்ளி நிற்பவளைத் திரும்ப வைக்க மட்டும் அடித்தொண்டையில் ஒரு கத்தல். மூன்று மாதத்தில் பழகிவிடும். நான்கு மிஷின் தள்ளி நிற்பவள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்வதை முழுதாகப் புரிந்துகொண்டு சிரிக்கலாம். கண்ணுக்கும் பழக்கம் வேறு. நூல் சுற்றும் ஸ்பிண்டில்களில் ஆயிரத்துக்கு மேல் ஒருத்தியே பார்ப்பாள். எந்த மூலையில் நூல் அறுந்தாலும் ஓரக்கண்ணில் தட்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு எதிரே உட்கார்ந்து ஜோஷ்வா ஒலியை அனுப்பும் பொத்தானைத் தட்டினான். ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் வலது முழங்கை ஓர் அங்குலம் உயர்ந்தது. ஒலியை மறு காதுக்கு மாற்றும்போது அவன் தலை சற்று இடப்பக்கம் சாய்ந்தது.

சங்கிலியம்மாள் உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வருடமாக ரிங் பிரேம். எனக்குப் பதினெட்டு வயதில் அறுந்த நூலைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தவள். நான் அவளைச் சித்தி என்பேன்.

"தம்பி சாப்பிட்டீகளா?"

"ஆச்சுக்கா. உக்காருங்க. சத்தம் கேட்டா அமுக்குங்க."

"கேட்டாத்தான?"

"ஆமாக்கா, கேட்டா மட்டும்."

"சரி. கேக்காம எப்படிப் போகும்?"

அவள் ஜோஷ்வாவின் தலைக்கு மேலே மாட்டியிருந்த மில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை காலண்டரில், கவனம் முழங்கையில். முழங்கை உயர்ந்தபோதெல்லாம் அழுத்தினாள். கெட்டிக்காரி. எல்லாவற்றையும் அழுத்தினால் சந்தேகம் வரும் என்று நடுவில் இரண்டை விட்டாள்.

ஜோஷ்வா காகிதத்தில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டான். நேர்கோடு. "பதினெட்டு வயசுப் பிள்ளை காதுக்கா உங்களுக்கு."

அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து செருப்பை மாட்டினாள். மேசை மேல் வைத்திருந்த அவள் போனில் வெளிச்சம் வந்தது. "அக்கா, போன் அடிக்குது" என்றான் ஜோஷ்வா. அவள் செருப்பு வாரை இழுத்துவிட்டாள். "அக்கா" என்றான் மறுபடி. நான் போய் அவள் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

"வீட்டு நெனப்பு போல" என்று ஜோஷ்வா சிரித்தான். அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னான்.

நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். காது குறைந்தவர் பூஜ்யம்.

*

டீ நேரத்தில் கேன்டீன் கொட்டகையில் சங்கிலியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"சித்தி, அந்தத் தம்பியோட முழங்கையத்தான பாத்தீக?"

"பின்ன, மூஞ்சியவா பாக்கச் சொல்ற? அது பாக்குற மாதிரியா இருக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜோதிகா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது, வேலைக்கு வந்து நான்கு மாதம். ஆண்டிபட்டியில் வீடு.

"எனக்கு நெசமாவே கேட்டுச்சுக்கா" என்றாள். "ஆனா ராத்திரி படுத்தா காதுக்குள்ள கொசு பாடுது. எந்திரிச்சுத் தேடுனா கொசு இல்ல."

"அது ஆறு மாசம் பாடும்" என்றாள் சங்கிலியம்மாள். "அப்புறம் கொசுவும் கேக்காது. நிம்மதியாத் தூங்கலாம்."

மறுபடி சிரிப்பு. நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

"சித்தி, இப்படி எல்லாரும் பாஸானா சத்தத்தக் குறைக்க மாட்டாக. தொண்ணூறே போதும்னு எழுதிக்கிருவாக. இந்தப் பிள்ளை எட்டு மணி நேரமும் அங்கனயே நிக்கும்."

"பெயிலானா?"

சித்தி என் பக்கம் குனிந்தாள்.

"எப்சிபா பெயிலானா. என்னாச்சு? ஒரு தாளக் குடுத்து அனுப்பிட்டாக. எனக்கு இன்னும் ரெண்டு பிள்ளை படிக்குது ஆத்தா. நேத்து நீ ஒட்டுன நோட்டீஸப் படிச்சேன். சத்தம் குறைக்கணும்னு இருக்கு. பரிசோதனை செய்யணும்னு இருக்கு. காது போனவள என்ன செய்றதுன்னு அதுல ஒண்ணும் இல்ல. இல்லன்னா என்ன அர்த்தம்? வீட்டுக்குப் போன்னுதேன் அர்த்தம்."

அவள் சொன்னது சரி. பயத்தில் அவர்கள் முழங்கையைப் பார்க்கிறார்கள். முழங்கையைப் பார்ப்பதால் கோடு நேராக வருகிறது. கோடு நேராக இருப்பதால் சத்தம் அப்படியே இருக்கிறது. அந்தப் பயத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியது நான்.

"அதுல இன்னொரு வரி இருந்துச்சு சித்தி" என்றேன். "நாந்தேன் விட்டுட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். என் வாயை அல்ல, கண்ணை.

"பட்டியல்ல உன் பேரு இருக்கா கயலு?"

"நான் ஆபீஸ்ல..."

"மூணு வருசம் எம்பக்கத்து மிஷின்ல நின்னவ நீ. உனக்கு வாய பாக்கக் கத்துக்குடுத்தது நானு. இன்னும் வாயத்தேன் பாத்துக்கிட்டு இருக்க." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "மொதல்ல உன் பேர எழுதிட்டு எங்ககிட்ட வா."

*

துணிக் கம்பெனியின் தணிக்கைக்கு முந்தைய நாள் மதியம் கிறிஸ்டோபர் சார் அறிக்கையை என் முன்னால் வைத்தார். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"பூஜ்யம். மூணு வருசமும் பூஜ்யம். நம்ம பிள்ளைக காது எஃகு" என்று மேசையைத் தட்டினார்.

"சார், அந்தப் பரிசோதனை சரியில்ல."

"எது சரியில்ல? மிஷின் மதுரையிலருந்து வந்துச்சு. சர்ட்டிபிகேட் இருக்கு."

"உக்கார வெச்ச விதம் சரியில்ல. சுவரப் பாத்து உக்கார வெச்சு எடுக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர் இல்லை அவர். என் கல்லூரிச் சான்றிதழைப் பார்த்து என்னை ஆபீஸில் உட்காரவைத்தவரே அவர்தான்.

"கயலு, நீ நல்ல பிள்ளை. வாயில்லாத பிள்ளை. அப்படியே இரு. இந்த ஆர்டர் போனா ஒரு ஷிப்ட மூடணும். அது உனக்குத் தெரியாது."

"மிஷினச் சுத்தித் தடுப்பு வெக்கலாம் சார். மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆள மாத்தலாம். ஆர்டர் போகாது. நான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்."

"கையெழுத்துப் போடும்மா."

"போடல சார்."

அதை நான் மெதுவாகத்தான் சொன்னேன். அவர் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு போய்த் தானே கையெழுத்துப் போட்டார். நான் என் மேசைக்கு வந்து ஏழாம் பிரிவைத் திரும்பத் தட்டச்சு செய்தேன். இந்த முறை மூன்று வரிகளும் இருந்தன. மூன்றாவதைத் தடித்த எழுத்தில் போட்டேன். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டு உள்ளே வரும் முன் கேன்டீன் வாசலில், கைகழுவும் குழாய்க்கு மேலே, எல்லோரும் நின்றே ஆக வேண்டிய இடத்தில் ஒட்டினேன். பசை தாராளமாகத் தடவினேன். கிழித்தாலும் பாதி நிற்கட்டும்.

*

தணிக்கைக்கு வந்தவர் பெயர் தேவயானி. கோவைக்காரர். ஐம்பது வயது இருக்கும். நின்று நிதானமாகப் பேசினார். அவர் உதடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பாதுகாப்புக் குழுக் கூட்டம் முதலுதவி அறையில் நடந்தது, ஏ.சி. அங்கேதான் இருக்கிறது என்பதால். மேசையின் ஒரு பக்கம் கிறிஸ்டோபர் சாரும் தேவயானி மேடமும். மறுபக்கம் தொழிலாளர் பிரதிநிதிகள் நான்கு பேர், அதில் சங்கிலியம்மாளும் ஜோதிகாவும். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஜோஷ்வாவையும் கருவியோடு வரவழைத்திருந்தார்கள். நான் ஓரத்தில் கோப்புகளோடு உட்கார்ந்தேன்.

கிறிஸ்டோபர் சார் அறிக்கையைப் படித்தார். தேவயானி மேடம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு இந்த விதியெல்லாம் சொல்லியிருக்காங்களா?"

சங்கிலியம்மாள் முந்தானையைச் சரிசெய்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். காது கேக்கலன்னா சம்பளம் குறையாம வேற வேலை குடுக்கணும்னு இன்னைக்குக் காலையில கொழாயடில ஒட்டியிருக்கு. முந்தி ஒட்டுனதுல அது இல்ல. எது நெசம்?"

தேவயானி மேடம் கிறிஸ்டோபர் சார் பக்கம் திரும்பினார். அவர் சிரித்தார்.

"டைப்பிங் மிஸ்டேக் மேடம். ஒரு வரி விட்டுப்போச்சு. பிள்ளை புதுசு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். கோப்புகளை மேசையில் வைத்தேன்.

"மிஸ்டேக் இல்ல மேடம். விடச் சொன்னாக, விட்டேன். நேத்துத் திரும்பச் சேத்தேன்."

கிறிஸ்டோபர் சாரின் விரல் முட்டி மேசையில் பட்டது. ஒருமுறை.

"அது மட்டுமில்ல" என்றேன். "இந்தப் பூஜ்யம் தப்பு. அந்த வரி இல்லாததால வந்த பூஜ்யம். ஆளச் சுவரப் பாத்து உக்கார வெச்சுத் திரும்ப எடுக்கணும்."

"தொண்ணூறு நம்ம நாட்டுச் சட்டம் மேடம்" என்றார் கிறிஸ்டோபர் சார். "வெளிநாட்டுக்காரன் சொன்னான்னு நாளுக்கொரு விதி மாத்த முடியுமா?"

"தொண்ணூறும் வெளிய இருந்து வந்ததுதான் சார். பழசு வந்தப்ப எடுத்துக்கிட்டோம். புதுசு வந்தா மட்டும் நம்ம காது எஃகுங்கிறோம். ஒரு வரிய எடுத்துக்கிறதும் ஒரு வரிய விடுறதும்னா அதுக்குப் பேரு விதியில்ல."

இவ்வளவு வார்த்தைகளை நான் அந்த ஆபீஸில் ஒரே மூச்சில் பேசியதில்லை. ஜோதிகா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

தேவயானி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "திரும்ப எடுக்கலாம். இப்பவே ஒருத்தருக்கு எடுத்துப் பார்ப்போம். யார் வர்றீங்க?"

நான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி சங்கிலியம்மாளின் முழங்கையை இடித்தாள். சங்கிலியம்மாள் அசையவில்லை. அவளுடைய இருபத்திரண்டு வருடமும் அந்த நாற்காலியில் ஏறி உட்கார வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அந்த மூன்றாவது வரி குழாயடியில் பசையில் ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான் அதற்கு இதுவரை இருக்கும் பலம்.

"பாத்தீங்களா மேடம்" என்றார் கிறிஸ்டோபர் சார். "அவுங்களுக்கே எந்தக் குறையும் இல்ல."

நான் நாற்காலியைத் தூக்கினேன். இரும்பு நாற்காலி, கனம். கருவிக்கு எதிரே இருந்ததைச் சுற்றி எடுத்துவந்து ஜோஷ்வாவுக்கு முதுகு காட்டும்படி சுவரைப் பார்த்துப் போட்டேன். பட்டியலை எடுத்து நூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே நூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன். கயல். ஏழாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு. இந்தத் தடவை பேனாவில்.

"அவங்க ஆபீஸ் ஸ்டாஃப் மேடம்" என்றார் கிறிஸ்டோபர் சார். "வேலைக்கு எடுக்கும்போதே டெஸ்ட் எடுத்தாச்சு. பாஸ்."

ஆம், பாஸ். அன்றும் எதிரே ஒரு முழங்கை இருந்தது.

உட்கார்ந்தேன். ஜோஷ்வா ஹெட்போனை மாட்டிவிட்டான். பொத்தானைக் கையில் கொடுத்தான்.

முன்னால் சுண்ணாம்புச் சுவர். ஜன்னல் வெளிச்சம் எனக்குப் பின்னால் இருந்தது. முதலில் தாழ்ந்த ஒலிகள் வந்தன, தொலைவில் புறா அனத்துவதுபோல. அழுத்தினேன். இன்னொன்று. அழுத்தினேன். அப்புறம் சுவரில் ஏதோ அசைந்தது. ஜோஷ்வாவின் நிழல். அவன் முழங்கை சுவரில் ஓர் அங்குலம் உயர்ந்து இறங்கியது.

கட்டை விரல் தானாக அழுத்தப் போனது. பழக்கம் அப்படி. கல்லூரி ஆய்வகத்தில் ஒலி அலைக் கருவியைத் திருகிக்கொண்டே போனபோது, நாலாயிரம் ஹெர்ட்ஸில் என் கூட்டாளி முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினாள். அவளைப் பார்த்து நானும் பொத்தினேன். அன்றிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

கண்களை மூடிக்கொண்டேன்.

பொத்தான் கையில் சூடாக இருந்தது. காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் அசையவில்லை.

ஹெட்போனை யாரோ கழற்றினார்கள். கண்ணைத் திறந்தேன். சுவரில் இப்போது நிறைய நிழல்கள். பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசை தட்டப்பட்டது, தரை வழியாக நாற்காலிக் காலுக்கு வந்தது. பேச்சு ஓர் இரைச்சலாக மட்டும் வந்தது, சொற்களின் ஓரங்கள் இல்லாமல். கிறிஸ்டோபர் சார் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்டிருக்கலாம். திரும்பினால் வாய்கள் தெரியும். எல்லாம் புரிந்துவிடும். நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லலாம்.

நான் திரும்பவில்லை. மிஷினை விட்டு வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த என் ரிங் பிரேம் குரலில், நான்கு மிஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவளைக் கூப்பிடுவதுபோல, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்க இப்ப என்ன கேட்டீகன்னு எனக்குத் தெரியல சார். எனக்குக் காது கேக்காது."